பொந்தியானாக் படம் எப்படி முடிந்தது?

பேய்க்கதை என்றதும் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டு அருகில் வந்து உட்கார்ந்து கொள்வார்கள். ஆனால் இன்று நாம் பேசப்போவது பேயைப் பற்றியன்று. ஒரு பேய்ப் படத்தின் முடிவைப் பற்றி. அந்த முடிவை ஆளுக்கொரு விதமாக நினைவில் வைத்திருக்கும் நம் பெரியவர்களைப் பற்றி. இதுவும் ஒரு சரித்திரப் பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

1957ஆம் ஆண்டு 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படம் வெளிவந்தது. அதைச் சிறு வயதில் பார்த்த ஓர் அக்காளையும் தம்பியையும் சந்தித்தோம். இருவரும் ஒரே தோட்டத்தில், ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். சம்பளம் போட்ட வாரம் தோட்டத்து லாரியில் ஏறிப் பட்டணத்துக்குப் போய், ஒரே பெஞ்சியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த படம் அது.

"கடைசியிலே ஊர்க்காரங்க எல்லாரும் சேர்ந்து பிடிச்சு, தலையிலே ஆணி அடிச்சிட்டாங்க. அதோட விளக்குப் போட்டாங்க" என்றார் அக்காள்.

தம்பி சிரித்துவிட்டார். "நீ எங்கக்கா பார்த்தே? பாவாடையைத் தூக்கி மூஞ்சியை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தே. அவ மகளைப் பார்த்து அழுவா. அழுதுட்டுத் தானா காட்டுக்குள்ளே போயிடுவா. அதான் முடிவு."

பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மூதாட்டி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. தீ வைத்துக் கொளுத்தினார்கள் என்றார். வாயெல்லாம் இரத்தம் செக்கச்செவேலென்று வழிந்ததைத் தம் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். படம் கறுப்பு வெள்ளை என்று நாங்கள் மெல்ல எடுத்துச் சொன்னோம். "உங்களுக்கு என்ன தெரியும்? நீங்களா பார்த்தீங்க?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

ஒரே படத்துக்கு மூன்று முடிவுகள்! எது சரி? படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் வழக்குத் தீர்ந்துவிடும். ஆனால் போட்டுப் பார்ப்பதற்குப் படம் இல்லை. நம் நாட்டுத் திரைப்பட வரலாற்றில் மிகப் பெரிய இழப்புகளுள் ஒன்று அது.

முதலில் படத்தைப் பற்றிச் சில செய்திகள். 'பொந்தியானாக்' 1957 ஏப்ரல் 27ஆம் நாள் சிங்கப்பூரில் திரையிடப்பட்டது. மலாயா சுதந்திரம் அடைவதற்கு ஏறக்குறைய நான்கு மாதங்களுக்கு முன்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஓடியது. மலாய்க்காரர்கள் மட்டுமன்றிச் சீனர்களும் இந்தியர்களும் திரண்டு போய்ப் பார்த்தார்கள். சீன மொழியில் குரல் மாற்றி ஹாங்காங்கிலும் காட்டினார்கள். படத்தைத் தயாரித்தது கேத்தே-கெரிஸ் நிறுவனம். கோலாலம்பூரில் பெயர் பெற்ற செல்வந்தர் லோக் இயூவின் மகன் லோக் வான் தோவும், ஹோ ஆ லோக் என்பவரும் கூட்டாகச் சேர்ந்து 1953இல் சிங்கப்பூரில் நடத்தத் தொடங்கிய நிறுவனம் அது. கதாநாயகி மரியா மெனாடோ. இந்தோனேசியாவின் மெனாடோ நகரில் பிறந்தவர்; ஊரின் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டவர்.

இயக்கியவர் யார் தெரியுமா? பி. என். ராவ். நம் தமிழ்ப்பட இரசிகர்களுக்கு அந்நியர் அல்லர். 1944இல் ஜெமினி நிறுவனம் வெளியிட்ட 'தாசி அபரஞ்சி'யை இயக்கியவர் இவரே. 1945இல் வந்த 'சாலிவாகனன்' படமும் இவர் எடுத்ததுதான். எம்.ஜி.ஆர். இன்னும் சிறு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த காலம். அந்தப் படத்தில் அவர் விக்கிரமாதித்தனாக வந்தார். அக்கால மலாய்ப் பட உலகில் இப்படி இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர். பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், கே. எம். பாஸ்கர் ஆகியோரை உடனே சொல்லலாம். மலாய்ப் பேயைத் திரையில் நடமாட விட்டவர் தமிழ்ப் படங்கள் எடுத்துப் பழகியவர் என்பதை நம் தோட்டப்புற இளைஞர்கள் அறிந்திருப்பது நல்லது.

கதைக்கு வருவோம். காட்டோரம் ஒரு முதியவர். மந்திர தந்திரங்களில் ஈடுபாடு உள்ளவர். அவர் எடுத்து வளர்த்த பெண் சோமெல். மலாயில் 'சோமெல்' என்றால் அழகி. ஆனால் இவளோ கூன் விழுந்தவள், கண்டோர் முகம் சுளிக்கும் தோற்றம் உடையவள். முதியவர் இறக்கும்போது தம் ஏடுகளை எரித்துவிடச் சொல்கிறார். அவள் எரிக்காமல் படித்துப் பார்க்கிறாள். அழகு தரும் மருந்து ஒன்றின் பக்குவம் அதில் இருக்கிறது. காய்ச்சிக் குடிக்கிறாள், பேரழகி ஆகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை: இரத்தத்தை நாவில் படவிடக்கூடாது. பிறகு திருமணம் நடக்கிறது, பெண் குழந்தை பிறக்கிறது. ஒரு நாள் கணவனைப் பாம்பு தீண்டுகிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்கும்படி அவன் கெஞ்சுகிறான். புருஷனைக் காப்பாற்ற வாயை வைக்கிறாள். இரத்தம் நாவில் படுகிறது. அத்தோடு பெண் போய்ப் பேய் வருகிறது.

நல்ல கதையல்லவா? தீமை செய்யப் போய்க் கெட்டவள் அல்லள் அவள். உதவி செய்யப் போய்க் கெட்டவள். தம்பி சொன்ன முடிவில் அவள் மகளைப் பார்த்து அழுகிறாள் என்பதை மறந்துவிடாதீர்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

இந்தக் கதை மலாய் மக்களின் பழைய நம்பிக்கையிலிருந்து விலகிச் செல்வதையும் கவனிக்க வேண்டும். நம்பிக்கையின்படி, பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்தான் பொந்தியானாக் ஆகிறாள். வாழை மரத்தில் இருப்பாள். பூ மணம் வரும். குழந்தை அழும் குரல் கேட்கும். அவள் பிடரியிலோ உச்சந்தலையிலோ ஆணி அடித்துவிட்டால் சாதுவான பெண்ணாகி விடுவாள். ஆணியைப் பிடுங்கினால் மறுபடி பேய். நம் தோட்டங்களிலும் இதைக் கேட்டு வளராதவர்கள் குறைவு. விடியற்காலை இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் சீவப் போகிற பெண்களுக்குப் புளியமரத்து முனியும் தெரியும், வாழைமரத்துப் பொந்தியானாக்கும் தெரியும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் குடியிருந்தன!

ஆகவே, படம் பார்க்கப் போனவர்கள் வெறும் மனத்தோடு போகவில்லை. ஆணியை மடியில் கட்டிக்கொண்டுதான் போனார்கள்.

படம் எப்படித் தொலைந்தது? கூட்டாளிகள் இருவரும் பின்னர்ப் பிரிந்தார்கள். ஹோ ஆ லோக் கோலாலம்பூருக்கு வந்துவிட்டார். முதல் பொந்தியானாக் படத்தின் சுருள்களை ஒரு நாள் அவரே தண்ணீரில் வீசிவிட்டார் என்று சொல்லப்படுகிறது. எந்தத் தண்ணீரில்? கிள்ளான் ஆற்றில் என்பார் ஒரு சாரார். கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டையில் என்பார் மற்றொரு சாரார். பாருங்கள், படம் தொலைந்த கதைக்கே இரண்டு முடிவுகள் இருக்கின்றன! படத்தின் கதை நமக்குத் தெரிவதெல்லாம் அக்காலச் செய்திகளாலும் நடித்தவர்களின் நினைவுரைகளாலும்தான். விளம்பரங்கள் முடிவைச் சொல்வதில்லை. சொன்னால் யார் காசு கொடுத்துப் பார்க்க வருவார்கள்?

முதல் படம் பணத்தைக் குவித்தது. உடனே அதே 1957இல் 'டெண்டாம் பொந்தியானாக்', அதாவது பொந்தியானாக்கின் பழி என்ற படம் வந்தது. 1958இல் மூன்றாவதாகச் 'சும்பா பொந்தியானாக்', அதாவது பொந்தியானாக்கின் சாபம். மூன்றிலும் அதே இயக்குநர், அதே கதாநாயகி. போட்டி நிறுவனமான ஷா சகோதரர்கள் சும்மா இருப்பார்களா? அதே 1958இல் 'அனாக் பொந்தியானாக்' என்று அவர்களும் ஒன்று எடுத்தார்கள். 1963, 1964, 1965ஆம் ஆண்டுகளிலும் பொந்தியானாக் படங்கள் வந்தன. போதாததற்கு 1958இல் பி. ரம்லி 'சும்பா ஓராங் மின்யாக்' என்ற படத்தை எடுத்து நடித்தார். அதிலும் ஊரார் ஏளனம் செய்யும் ஒரு கூனன், மாய சக்தியால் அழகனாகிறான்.

ஒன்றோடொன்று எப்படிக் கலந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு படத்தை ஒரு முறைதான் பார்ப்பார்கள். அதுவும் வெளியான ஊரில், வெளியான வாரத்தில் அன்று. படம் ஊர் ஊராகச் சுற்றி, கீறல் விழுந்து, அறுந்து, ஒட்டப்பட்டு, மாதக் கணக்கில் தாமதமாக வந்து சேரும்போது பார்ப்பார்கள். முதல் படத்துக்கு முன்பே இரண்டாவதைப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இந்த மூன்றில் முதல் இரண்டு தொலைந்தன. மூன்றாவதான 'சும்பா பொந்தியானாக்' மட்டும் தப்பியது. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தின் எஞ்சிய மலாய்ப் படங்கள் 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் இடம் பெற்றன. தொலைக்காட்சி வந்த பிறகு பழைய மலாய்ப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எஞ்சியிருக்கும் படத்தைத்தானே காட்ட முடியும்? ஆகவே ஒருவர் 1957இல் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்து மூன்றாவது படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால், இரண்டும் அவர் மனத்தில் ஒன்றாகத் தைக்கப்பட்டிருக்கும். பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப் போட்டால் தையல் தெரியும். நினைவில் போடும் ஒட்டுக்குத் தையல் தெரிவதில்லை.

இதை ஒருவர் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரடெரிக் பார்ட்லெட். அவர் 1932இல் நினைவாற்றலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? ஒரு பேய்க்கதை! வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை. இரண்டு இளைஞர்கள் ஆற்றுக்குக் கடல்நாய் வேட்டைக்குப் போகிறார்கள். ஒரு மரக்கலத்தில் வந்தவர்கள் போருக்கு அழைக்கிறார்கள். ஒருவன் மட்டும் போகிறான். அவனுக்கு அடி படுகிறது. ஆனால் வலி தெரியவில்லை. இவர்கள் பேய்கள் என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பி நடந்ததைச் சொல்கிறான். சூரியன் உதித்ததும் விழுகிறான். வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவருகிறது. இறக்கிறான். அவ்வளவுதான்.

பார்ட்லெட் இதைப் பலரிடம் கொடுத்து இருமுறை படிக்கச் செய்தார். கால் மணி நேரம் கழித்துச் சொல்லச் சொன்னார். பிறகு நாட்கள், மாதங்கள், சிலரிடம் ஆண்டுகள் கழித்தும் கேட்டார். கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பு ஆயிற்று. மரக்கலம் படகு ஆயிற்று. பேய்களே சிலர் சொன்ன கதையிலிருந்து காணாமற் போயின. வாயிலிருந்து வந்த அந்தக் கறுப்புப் பொருள்தான் எல்லாரையும் தொல்லைப்படுத்தியது. ஒருவர் வாயில் நுரை தள்ளியது என்றார். இன்னொருவர் உயிர் பிரிந்தது என்றார். யாரும் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழக்கமில்லாத முடிவைப் பழக்கமான முடிவாக மாற்றிக்கொண்டார்கள்.

நம் அக்காளின் ஆணியும் அப்படி வந்திருக்கலாம். பொந்தியானாக் என்றால் ஆணி என்று அவர் தாயாரிடமும் பாட்டியிடமும் கேட்டிருக்கிறார். படத்தில் என்ன நடந்திருந்தாலும் மனம் ஆணியைத்தான் தேடும். மூதாட்டி கண்ட சிவப்பு இரத்தத்துக்கும் இதுவே காரணம். இரத்தம் சிவப்புத்தானே!

இத்தோடு நிறுத்திக்கொண்டால், கிழவர்கள் சொல்வதெல்லாம் குழப்பம், காகிதத்தில் உள்ளதே மெய் என்று முடிவு செய்யத் தோன்றும். அப்படிச் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இன்னொரு வழக்கைச் சொல்கிறோம். அதுவும் அதே காலத்துப் பேய்ப் படம், இங்கிலாந்துப் படம்.

1958இல் ஹாமர் நிறுவனம் 'டிராகுலா' படத்தை வெளியிட்டது. டெரன்ஸ் பிஷர் இயக்கியது. இரத்தம் குடிக்கும் பிரபுவாகக் கிறிஸ்டோபர் லீ, அவரை வேட்டையாடுபவராகப் பீட்டர் குஷிங். கடைசிக் காட்சியில் குஷிங் பாய்ந்து சன்னல் திரையைக் கிழிக்கிறார். வெயில் உள்ளே பாய்கிறது. இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவைபோல் பிடித்து டிராகுலாவை வெயிலுக்குள் தள்ளுகிறார். உடல் பொடிப்பொடியாக உதிர்கிறது. மோதிரம் மட்டும் மிஞ்சுகிறது.

இங்கிலாந்தின் தணிக்கைக் குழுவினர் இந்தக் காட்சியில் கத்தரி வைத்தார்கள். ஆனால் எல்லா நாட்டுக்கும் ஒரே பிரதி போகவில்லை. ஜப்பானுக்குப் போன பிரதியில் டிராகுலா தன் முகத்தைத் தானே பிறாண்டித் தோலை உரிக்கும் காட்சி இருந்தது என்று நெடுங்காலமாக ஒரு பேச்சு இருந்தது. அந்தக் காட்சியின் நிழற்படங்களும் உண்டு. ஆயினும் மற்ற நாட்டார் கையில் இருந்த எந்தப் பிரதியிலும் அது இல்லை. அதனால், அது வெறும் கட்டுக்கதை, பயந்தவன் கண்ட கனவு என்று பலர் தள்ளிவிட்டார்கள்.

2011இல் தோக்கியோவில் உள்ள தேசியத் திரைப்பட நிலையத்தில் பழைய ஜப்பானியப் பிரதியின் சுருள்கள் அகப்பட்டன. 1984இல் அங்கு ஏற்பட்ட தீ விபத்தில் முதல் 5 சுருள்கள் பயனற்றுப் போயிருந்தன. 6 முதல் 9 வரையிலான கடைசிச் சுருள்கள் தப்பியிருந்தன. போட்டுப் பார்த்தார்கள். முகத்தைப் பிறாண்டும் காட்சி அதில் இருந்தது! பழுது நீக்கி, படத்தில் சேர்த்து, 2013இல் இங்கிலாந்தில் குறுந்தட்டாக வெளியிட்டார்கள். சில விநாடிகள்தான். அந்தச் சில விநாடிகளுக்காக ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் 'பொய்யர்' பட்டம் சுமந்தவர்கள் எத்தனை பேரோ!

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். டிராகுலா வெயிலில் அழிவான் என்பது பழைய ஐரோப்பிய நம்பிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய மூல நாவலில் டிராகுலா பட்டப்பகலில் இலண்டன் தெருவில் நடக்கிறான். முடிவில் கத்தியால் கொல்லப்படுகிறான். வெயிலால் சாவதை 1922இல் வந்த 'நோஸ்பெராட்டு' என்ற ஜெர்மானிய மௌனப் படம்தான் புகுத்தியது. அங்கே படத்தின் முடிவு மக்களின் நம்பிக்கையாக மாறியது. இங்கே மக்களின் நம்பிக்கை படத்தின் முடிவாக மாறியிருக்கக்கூடும். அந்த 'நோஸ்பெராட்டு' படத்தையும் அழித்துவிடும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கு அது. ஆனால் அதற்குள் பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போய்விட்டன. அதனால் படம் பிழைத்தது.

'பொந்தியானாக்'கும் கடல் கடந்து போன படம்தான். எங்காவது ஒரு கிடங்கில், சீனக் குரலோடு ஒரு பிரதி தூசி படிந்து கிடக்காது என்று எவரும் ஆணையிட முடியாது. அப்படி ஒன்று அகப்படும் வரை அந்தப் படம் எங்கே இருக்கிறது? பார்த்தவர்களிடம்தான் இருக்கிறது. அவர்களோ எண்பதை நெருங்கியவர்கள், எண்பதைத் தாண்டியவர்கள்.

எனவே, மறுமுறை அந்த அக்காள் தம்பி வீட்டுக்குப் போனபோது, முடிவு என்ன என்று நாங்கள் கேட்கவே இல்லை. எந்தப் பட்டணம், எந்தக் கொட்டகை, யார் யார் வந்தார்கள், இடைவேளையில் என்ன வாங்கித் தின்றீர்கள் என்று கேட்டோம். கச்சாங் பூத்தே விற்ற தமிழரின் தலைப்பாகை முதற்கொண்டு இருவருக்கும் ஒரே மாதிரி நினைவிருந்தது. சத்தே விற்பவராக வந்த சிரிப்பு நடிகரும் இருவருக்கும் நினைவிருந்தார். அவர்தான் வாஹிட், அந்த வேடத்தால் 'வாஹிட் சத்தே' என்றே பெயர் பெற்றவர். இது ஏடுகளிலும் உள்ள செய்தி. ஆகவே அவர்கள் பார்த்தது முதல் படத்தைத்தான் என்பதற்கு நல்ல அடையாளம் கிடைத்தது. மூதாட்டியோ, தாம் படம் பார்த்தபோது கையில் மூத்த மகன் இருந்தான் என்றார். மகன் பிறந்தது 1963இல். அப்படியானால் அவர் பார்த்தது பிந்திய படங்களுள் ஒன்றாக இருக்க வேண்டும். தீயும் அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஆணியா, காடா என்ற வழக்கு மட்டும் அப்படியே நின்றது. ஆனால் இருவரும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒத்துச் சொன்ன ஒன்று உண்டு. லாரி தோட்டத்து முகப்பிலேயே இறக்கி விட்டுவிட்டது. லயத்துக்கு இரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து போக வேண்டும். யாரும் கடைசியாக நடக்க ஒப்பவில்லை. முன்னால் போகவும் ஒப்பவில்லை. கடைசியில் எல்லாரும் கை கோத்துக்கொண்டு, பாதையை அடைத்து, ஒரே வரிசையாக நடந்தார்களாம். மண்டோரும் அதில் ஒருவராம்.

"அப்பத்தான் கேட்டேன், அம்மா இல்லாம அந்தப் பிள்ளை என்ன ஆகும்னு. அம்மா பதில் சொல்லலே" என்றார் தம்பி. அக்காள் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "ஆமா, அப்படி ஒன்னு கேட்டான்" என்றார்.

இரண்டு முடிவுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டோம். சொன்னவர் யார், அப்போது வயது என்ன, பார்த்த ஊர் எது என்பதையும் பக்கத்தில் குறித்தோம். எழுதி முடித்ததும் அக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஆணின்னுதானே எழுதியிருக்கீங்க?"